மலையின் உயரமா, மலை பார்க்கும் திசையா? மழை எங்கே விழும் என்ற கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: ஜூலை மாதம் கோவையில் வெறும் தூறல். சாலை வழியே சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் வால்பாறையிலோ மழையால் பள்ளிகளுக்கு விடுமுறை. வால்பாறை உயரத்தில் இருப்பதால்தான் இவ்வளவு மழையா? அப்படியென்றால், ஏறக்குறைய அதே உயரத்தில் மலைகளுக்கு நடுவிலேயே இருக்கும் மறையூர் ஏன் காய்ந்து கிடக்கிறது?

உயரம் இரண்டாம்பட்சம். ஈரக்காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, அந்தச் சரிவு அதற்கு முகம் காட்டுகிறதா, முதுகு காட்டுகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. காற்றின் திசை பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் ஜூலையில் முதுகு காட்டும் சரிவு நவம்பரில் முகம் காட்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தமிழ்நாட்டு மழை வரைபடத்தில் புதிராகத் தெரிபவற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

'மலை மேகத்தைத் தடுத்து மழையைத் தருகிறது' என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த வாக்கியம் பாதிதான் சரி. மேகம் எங்கிருந்தோ முழுசாக வந்து மலையில் மோதி உடைவதில்லை. பெரும்பாலும் அந்த மேகமே மலைச்சரிவில்தான் பிறக்கிறது. கடலிலிருந்து வரும் காற்று மலையில் மோதியதும் மேலே ஏற வேண்டியிருக்கிறது. மேலே காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், விரிந்தால் குளிரும். சைக்கிள் டியூபின் வால்வை அழுத்தும்போது வெளியே சீறும் காற்று விரலில் சில்லென்று படுவதும் இதே காரணத்தால்தான். குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைச் சுமக்க முடியாது. மிஞ்சியது துளியாகி மேகமாகிறது.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடல்மட்டத்தில் 28 டிகிரி வெப்பத்தில், நல்ல ஈரத்தோடு ஒரு காற்று புறப்படுகிறது. மேகம் உண்டாகும் வரை ஒவ்வொரு கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 10 டிகிரி குளிரும். 500 மீட்டரில் மேகம் கட்டத் தொடங்கினால் அங்கே 23 டிகிரி. அதன் பிறகு நீராவி துளியாகும்போது வெளிவிடும் வெப்பம் குளிர்ச்சியின் வேகத்தைக் குறைத்துவிடும். அந்தக் கட்டத்தில் கிலோமீட்டருக்கு 4 முதல் 5 டிகிரிதான். 2,000 மீட்டர் முகட்டைத் தொடும்போது ஏறத்தாழ 16 டிகிரி. வழியெல்லாம் மழையாகக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி, கிழக்கே 400 மீட்டர் உயரத்திலுள்ள சமவெளிக்கு இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தம் கூடி மறுபடி சூடாகும். இப்போது மேகம் இல்லை என்பதால் முழு வேகத்தில், கிலோமீட்டருக்கு 10 டிகிரி. கீழே வந்து சேரும்போது 32 டிகிரி. மேற்குப் பக்கம் அதே 400 மீட்டரில் இருந்தபோது இதே காற்று 24 டிகிரிதான்! மலையைத் தாண்டிய காற்று ஈரத்தை மட்டும் இழக்கவில்லை, சூடேறியும் வருகிறது. மழைமறைவுப் பகுதி என்று நாம் சொல்லும் இடத்தில் மழை இல்லாததோடு, இருக்கும் ஈரத்தையும் அந்தக் காற்று உறிஞ்சிவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊர்களெல்லாம் பெரும்பாலும் இந்தக் காற்றின் வழியில் இருப்பவைதாம்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சாலை இருக்கிறது. கொச்சியிலிருந்து மூணாறு வழியாக உடுமலைக்கு வரும் சாலை. ஜூன், ஜூலையில் அதில் பயணம் செய்தால் மழையியல் பாடம் முழுவதும் ஜன்னலோரம் நடக்கும். முதலில் மலையடிவாரத்தில் நேரியமங்கலம். கேரளத்தின் சிரபுஞ்சி என்று பெயர் வாங்கிய ஊர் இது, ஆனால் மலையுச்சியில் இல்லை. காற்று ஏறத் தொடங்கும் இடத்திலேயே கொட்டித் தீர்க்கிறது. மேலே ஏறினால் மூணாறு, சுமார் 1,500 மீட்டர். அங்கும் கனமழை. அடுத்து ஆனைமுடியின் பக்கமாக, 2,695 மீட்டர் சிகரத்தின் மறுபுறம் இறங்குகிறீர்கள். மறையூர் வருகிறது. மூணாறிலிருந்து 40 கி.மீ. அளவுதான். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். ஆனால் இங்கே சந்தன மரக் காடு, கரும்பு வயல், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள். சந்தன மரம் நீர் தேங்கும் இடத்தை விரும்பாது. இன்னும் இறங்கினால் சின்னாறு, முள்மரமும் கள்ளியும் நிற்கும் வறண்ட காடு. நேரியமங்கலத்தைவிட மறையூர் பல நூறு மீட்டர் உயரம், மழையோ அதில் ஒரு சிறு பங்குதான். உயரம்தான் மழையைத் தருகிறது என்றால் இது நடக்கவே கூடாது.

முதுமலையிலும் இதையே காடு எழுதிவைத்திருக்கிறது. கூடலூர், தேவாலா பக்கம் மேற்குக் காற்று நேராக வந்து மோதும் இடம். தேவாலா தமிழ்நாட்டின் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கிருந்து கிழக்கே முதுமலைக்குள் வந்தால் ஈர இலையுதிர் காடு, அடுத்து உலர் இலையுதிர் காடு, மசினகுடியைத் தாண்டி மாயாறு பள்ளத்தாக்கை நோக்கிப் போகப்போக முள்காடு. மழைமானியே வேண்டாம், மரத்தைப் பார்த்து மழையைச் சொல்லிவிடலாம். புதிதாக ஒரு மலைப்பகுதியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கூகுளில் மழை அளவைத் தேடும் முன் அங்கே என்ன மரம் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு மாத மழையை வைத்து ஏமாறலாம், நூறு வருடக் காட்டை வைத்து ஏமாற முடியாது.

இப்போது கோவைக்கு வருவோம். நான் மேலே போட்ட கணக்குப்படி ஜூலையில் கோவை கொதிக்க வேண்டும். தேனியும் மதுரையும் திருநெல்வேலியும் அந்த மாதங்களில் சூடாகத்தான் இருக்கின்றன. கோவை மட்டும் குளுகுளுவென்று இருக்கிறது. காரணம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத்தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்கு விழுந்திருக்கும் பெரிய இடைவெளி அது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே தரையிலிருந்து சில நூறு மீட்டர்கூட உயராத பாதை. காற்று மலை ஏறாமலே உள்ளே வந்துவிடுகிறது. ஏறாததால் ஈரத்தைக் கொட்டவில்லை, இறங்காததால் சூடேறவும் இல்லை. மேகமும் குளிர்ச்சியும் சாரலும் வருகின்றன, ஆனால் தூக்கிவிட மலை இல்லாததால் கனமழை வருவதில்லை. ஈரம் இருந்தால் மட்டும் மழை பெய்துவிடாது, அதை மேலே தூக்க ஏதாவது வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அதே கோவையில் சிறுவாணி அடிவாரத்துக்குப் போனால் நல்ல மழை, சூலூர், பல்லடம் பக்கம் போகப்போகக் குறைவு. இடுக்கில் நெருங்கி வேகமெடுக்கும் காற்றுதான் உடுமலை, பல்லடம் பகுதிகளின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தெற்கே ஆரல்வாய்மொழியிலும் இதே கதை.

செங்கோட்டைக் கணவாய் இதன் சிறிய வடிவம். குற்றாலத்தின் சாரலை எல்லோரும் கொண்டாடுகிறோம். ஆனால் அருவியில் விழும் தண்ணீர் குற்றாலத்தில் பெய்த மழையில் வந்ததல்ல. முகட்டில் மேற்குக் காற்று கொட்டுவதில் ஒரு பங்கு கிழக்குச் சரிவுக்கும் சிந்துகிறது, அதுதான் அருவி. மழைத்துளி பிறந்த இடத்திலேயே நேராக விழுவதில்லை, காற்று அதைச் சில கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் முகட்டுக்கு ஒட்டிய கிழக்குப் பக்கம் நனைந்தும், அதற்குப் பத்திருபது கி.மீ. தள்ளிய ஊர்கள் காய்ந்தும் இருக்கின்றன.

அடுத்தது பருவம். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நீலகிரியில் இரண்டு இடங்களைப் பாருங்கள். மேற்கே அவலாஞ்சி, கிழக்கே கேத்தி. நேர்கோட்டில் அளந்தால் இடைவெளி 20 கி.மீ. அளவுதான். இரண்டும் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டரைத் தொட்டும் தாண்டியும் இருப்பவை. 2019 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில், தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருந்தபோது, அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் பெய்தது. 2009 நவம்பர் 10-ஆம் தேதியை ஒட்டி, காற்று கிழக்கிலிருந்து வந்தபோது, கேத்தியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல். அந்த மழையில் குன்னூர், கேத்தி, உதகை சுற்றுப்புறங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஒரே மலை, ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே அளவு பேய்மழை. ஆனால் ஒன்று ஆகஸ்டில், மற்றது நவம்பரில். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகள் வங்கக்கடலைப் பார்த்து நிற்பவை. ஜூலையில் மேற்கே கொட்டும்போது அங்கே பெரும்பாலும் தூறல்தான். ஐப்பசி, கார்த்திகையில்தான் அவற்றின் மழைக்காலம். 'நீலகிரியில் மழைக்காலம் எது' என்று ஒற்றை விடை எதிர்பார்த்துக் கேட்டால் அந்தக் கேள்வியே தவறு. நீலகிரியின் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும்.

தெற்கே பொதிகை மலையில் இரண்டு பக்கத்துக் கடல்களும் அருகருகே வந்துவிடுகின்றன. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து பகுதிகள் தென்மேற்குப் பருவத்திலும் நனைகின்றன, வடகிழக்குப் பருவத்தில் இன்னும் பலமாக நனைகின்றன. தாமிரபரணிக்கு வற்றாத நதி என்ற பெயர் வந்ததற்கு இந்த இரட்டை மழை முக்கியக் காரணம்.

இலங்கை இந்தப் பாடத்தை இன்னும் தெளிவாகக் காட்டும். நடுவில் மலைநாடு, சுற்றிலும் கடல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இரத்தினபுரி, வட்டவளை, ஹற்றன் பக்கம் மழை கொட்டுகிறது. மலையின் மறுபக்கம் பண்டாரவளை, பதுளை காய்கிறது. இறங்கி வரும் அந்தச் சூடான வறண்ட காற்றுக்கு மட்டக்களப்பு மக்கள் கச்சான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் மேலே போட்ட 32 டிகிரிக் கணக்கை அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் முகத்தில் உணர்கிறார்கள். இதே வறண்ட காற்று, பண்டாரவளையும் பதுளையும் அடங்கிய ஊவாப் பகுதியின் தேயிலைக்கு ஒரு கொடை. ஜூலை முதல் செப்டம்பர் வரை கொழுந்து அந்தக் காற்றில் வளரும்போதுதான் ஊவாத் தேயிலையின் தனி மணம் வருகிறது. மேற்குப் பக்கத்துத் திம்புள்ளைத் தோட்டங்களுக்கு அந்தத் தரமான பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை, அதாவது அவை உலரும் காலத்தில்.

பள்ளத்தாக்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே பெரியாறு மலைகள் தென்மேற்குக் காற்றை உறிஞ்சிவிடுகின்றன. கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகள் வங்கக்கடல் காற்றின் வீரியத்தைக் குறைக்கின்றன. இரண்டு பக்கமும் மலை, நடுவில் மிதமான மழை. பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் வெடித்து அழுகிவிடும் திராட்சை அங்கே செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியென்றால் நெல் வயலுக்குத் தண்ணீர்? முகட்டின் மேற்கே விழுந்து அரபிக்கடலுக்கு ஓடவேண்டிய மழையை அணை கட்டி நிறுத்தி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1895-இல் பென்னிகுவிக் முடித்த முல்லைப் பெரியாறு அணை இதுதான். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டமும் அதே சிந்தனைதான். மலை ஒரு பக்கம் அள்ளிக் கொடுத்து மறுபக்கம் கைவிரித்ததை மனிதர் சுரங்கம் வெட்டிச் சரிசெய்த வேலைகள் இவை. மழைமறைவு என்பது எவ்வளவு பெரிய உண்மை என்று புரிய இந்த அணைகளைப் பார்த்தாலே போதும்.

ஆனால் எல்லாப் பள்ளத்தாக்கும் வறண்டதல்ல. காற்று வரும் திசைக்கு வாய் திறந்திருக்கும் பள்ளத்தாக்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். மேகாலயத்தின் சிரபுஞ்சியும் மௌசின்ராமும் அப்படித்தான். வங்கதேசச் சமவெளியைக் கடந்து வரும் ஈரக்காற்று, தெற்கு நோக்கித் திறந்த ஆழமான பள்ளங்களுக்குள் புகுந்து குவிந்து, முடிவில் போக வழியின்றிச் செங்குத்தாக ஏறுகிறது. ஆண்டு சராசரி 11,000 மி.மீ.க்கும் மேல். அங்கிருந்து 50 கி.மீ. அளவில், அவற்றைவிட உயரமான இடத்தில் இருக்கும் ஷில்லாங் முகட்டின் மறுபக்கம் என்பதால் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் பெறுகிறது.

இதுவரை சொன்னது பருவக்காற்று பலமாக வீசும் காலத்துக்கு. சித்திரை, வைகாசியில் அப்படி ஒரு காற்று இல்லை. அப்போது மலை தனக்குத்தானே ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. காலை வெயிலில் சரிவுகள் முதலில் சூடாகும். சரிவை ஒட்டிய காற்று லேசாகி மேலே ஊர்ந்து போகும், பள்ளத்தாக்கின் காற்று அதைப் பின்தொடரும். பதினொரு மணிக்கு முகட்டின் மேல் பஞ்சு மேகம், மூன்று மணிக்கு இடிமழை. ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் பிற்பகல் மழை மாலையில் ஓய்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரம் பள்ளத்தாக்கின் நடுவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், அங்கிருந்த காற்று மேலே போய்விட்டதால் அதை நிரப்ப உயரத்துக் காற்று மெல்லக் கீழே இறங்குகிறது. இரவில் எல்லாம் தலைகீழ். சரிவுகள் முதலில் குளிர்ந்து, கனத்த காற்று பள்ளத்துக்கு வழிகிறது. மலையில் பெய்த இடிமழையின் குளிர்ந்த காற்றும் அடிவாரத்துக்கு இறங்கி, அங்கே தேங்கிய வெக்கைக் காற்றைத் தூக்கிவிட்டுப் புதிய இடிமேகங்களைக் கிளப்பும். திருப்பத்தூர், வேலூர் பக்கம் கோடை மழை மாலை கடந்து இரவில் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

எல்லா மழையையும் மலையின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. பெய்தது. அது கடற்கரைச் சமவெளி, மலை தொலைவில். குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட காற்றுச் சுழற்சியே ஈரத்தைக் குவித்துத் தூக்கியது. தூக்குவதற்கு மலைதான் வேண்டும் என்றில்லை. மலை செய்வது ஒன்றே ஒன்று: தூக்கும் இடத்தை மாற்றாமல் வைத்திருக்கிறது. சுழற்சி இன்று இங்கே, நாளை வேறெங்கோ. மலை ஒவ்வோர் ஆண்டும் அங்கேயே நிற்கிறது. அதனால் அதன் மழையை முன்கூட்டிச் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும்.

என் ஆதங்கமும் இங்கேதான். மாவட்டச் சராசரி என்ற எண்ணை மலை மாவட்டங்களுக்கு நாம் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறோம். கோவை மாவட்டத்துக்குள்தான் வால்பாறையும் வருகிறது. வால்பாறையிலும் சின்னக்கல்லாறிலும் கொட்டினால் 'மாவட்டத்தில் இயல்பைவிடக் கூடுதல் மழை' என்று செய்தி வரும். அதே வாரம் சூலூரில் சோளம் வாடிக்கொண்டிருக்கும். அந்த எண்ணை வைத்து வறட்சி நிவாரணத்தையோ பயிர்க் காப்பீட்டையோ முடிவு செய்தால் அது விவசாயிக்கு அநீதி. ஆபத்து இன்னொரு பக்கமும் இருக்கிறது. மழைமானிகள் பெரும்பாலும் ஆள் இருக்கும் ஊர்களில், பள்ளத்தாக்கில், தாலுகா அலுவலகத்தில் இருக்கின்றன. மண் சரியத் தொடங்குவதோ ஆளில்லாத மேல்சரிவில். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் 200-க்கும் மேற்பட்டோரைப் பறித்த நிலச்சரிவுக்கு முன், கல்பற்றாவில் இயங்கும் சூழலியல் ஆய்வு அமைப்பான ஹியூம் மையம் தன் உள்ளூர் மழைமானிகளைப் பார்த்து எச்சரித்திருந்தது. மாவட்ட அளவு மட்டும் பார்த்திருந்தால் அந்தச் சரிவின் அபாயம் தெரிந்திருக்காது. தேயிலைத் தோட்டங்கள் பல தலைமுறைகளாக மழையைக் குறித்துவைக்கின்றன. அந்த ஏடுகளை எண்மமாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டாலே நம் மலைகளைப் பற்றிய அறிவு பல மடங்கு கூடும்.

உங்கள் ஊருக்கு எப்படிக் கணிப்பது என்றால், நிலவரைபடத்தில் ஊரை வைத்துக்கொண்டு ஜூலையில் மேற்கு, தென்மேற்குப் பக்கமும், நவம்பரில் கிழக்கு, வடகிழக்குப் பக்கமும் பாருங்கள். அந்தத் திசையில் உங்களுக்கும் கடலுக்கும் நடுவே உயர்ந்த மலை நிற்கிறதென்றால் அந்தப் பருவத்தில் நீங்கள் மறைவில் இருக்கிறீர்கள். மலை உங்களுக்குப் பின்னால் இருக்கிறதென்றால் காற்று உங்கள் தலைக்கு மேல்தான் ஏறத் தொடங்கும், நனைவீர்கள். நடுவில் கணவாய் இருந்தால் காற்றும் சாரலும் வரும், ஏரி நிரம்பாது. சித்திரை, வைகாசிக்கு இந்தக் கணக்கு வேண்டாம். மலை எவ்வளவு பக்கம், மேகம் மதியம் எங்கே கட்டுகிறது, மாலையில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். இதோடு மொட்டை மாடியில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், நேர்பக்கங்கள் கொண்ட ஒரு பாத்திரத்தை வைத்து தினமும் காலை எட்டரை மணிக்கு மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். வானிலை ஆய்வு மையமும் நாளை எட்டரையிலிருந்துதான் கணக்கிடுகிறது, ஒப்பிட வசதியாக இருக்கும். இரண்டு பருவம் எழுதினால் உங்கள் ஊர் எந்தக் காற்றுக்கு முகம் காட்டுகிறது என்பது ஏட்டிலேயே தெரிந்துவிடும்.